வாயைக் கட்டாதவரின் மனைவி எழுதுவது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஞாயிறன்று நடுப்பக்கக் கட்டுரையில், ‘வாயைக் கட்டத் தெரியாதவர்களின் வைத்தியத்துக்கு, ஒழுங்காக வரி கட்டுகிறவன் ஏன் தண்டம் அழ வேண்டும்?’ என்று ஒரு வரி வந்திருந்தது. எழுதியவர் பெரிய படிப்புப் படித்தவர். நான்தான் தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று மறுபடியும் படித்தேன். இல்லை.

என் கணவர் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரும்பாலும் சென்னைக்குப் போகும் இரவு வண்டி. வழியில் எந்த உணவகத்தில் நிறுத்துவது என்பது மேலே பேசி முடிக்கிற விஷயம், தாங்கள் அறியாததல்ல. நள்ளிரவில் அங்கே கிடைத்தது பரோட்டாவும் சால்னாவும். கண் சொருகாமல் இருக்க, சர்க்கரை தூக்கலாக டீ. குடி கிடையாது, பீடி கிடையாது, தொந்தியும் கிடையாது. ஆனாலும் சர்க்கரை வந்தது. ஒல்லியானவர்களுக்கும் நம் நாட்டில் வருகிறது என்று டாக்டர்களே சொல்கிறார்கள். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு. அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல் வாயைத் திறந்துவிட்டார்கள் போலும்!

வரி என்கிறாரே, பிஸ்கட் வாங்கினாலும் ஜி.எஸ்.டி. கட்டித்தான் நானும் வாங்குகிறேன். குடித்துக் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. எங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தார், போய்ச் சேர்ந்துவிட்டார். 2003 முதல் சில்லறை மதுக்கடையை நடத்துவது அரசு. அதில் வரும் வருமானம் ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல். மனிதர் கடைசியில் படுத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு எப்போதோ பணம் கட்டி முடித்திருப்பார். ரேஷனில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அதில்தான் எங்கள் சமையல். கட்டுரையாளர் வீட்டில் செக்கு எண்ணெயாக இருக்கும். மகிழ்ச்சி.

அந்தக் கட்டுரைக்குக் கீழேயே அரைப் பக்கத்துக்கு இனிப்புக் கடை விளம்பரம் போட்டிருந்தீர்கள். பத்திரிகை நடத்தப் பணம் வேண்டும், புரிகிறது. முன்பு பஸ் நிலையக் கழிப்பறை பற்றி நான் எழுதியதை இரண்டு வரியாக வெட்டி, ஊர்ப் பெயரையும் மாற்றிப் போட்டீர்கள். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

பொறுப்பில்லாதவர்களைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று, விடிந்ததும் முதல் பஸ் பிடித்து வந்துவிடுகிறார்கள். லேப் திறக்க ஒன்பது மணியாகிறது. ‘நேரத்துக்குச் சாப்பிடுங்கள்’ என்று எழுதிய சுவரிலேயே சாய்ந்து நிற்கிறார்கள். போன மாதம் ஒரு பாட்டிக்கு மயக்கம் வந்து, என் பையிலிருந்த சாக்லேட்டை வாயில் போட்டேன். ரத்தம் கொடுத்தபின் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் வர வேண்டும். அன்றைய கூலி போயிற்று. மாத்திரை அட்டையைக் கத்தரித்துத் தருகிறார்கள். காலாவதித் தேதி யார் துண்டோடு போனதோ!

லேபைக் காலை ஏழு மணிக்குத் திறக்கச் சொல்லித் தங்கள் பத்திரிகையில் நான்கு வரி எழுதினால் போதும். வரிசையில் நிற்பவர்களுக்கு இரண்டு பெஞ்சும் வேண்டும். விசாரிக்க அந்தக் கட்டுரையாளரையே அனுப்புவதானாலும் சரி, வெறும் வயிற்றில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
திருவாரூர் மாவட்டம்