ஆற்காடா, ராணிப்பேட்டயா, வாலாஜாவா

மச்சி,

எப்பிடிடா கீற? முட்டி ஆபரேஷன் முடிஞ்சி மாடிப்படி ஏற ஆரம்பிச்சிட்டியா, இல்ல இன்னும் தங்கச்சியதான் தண்ணிக்கும் காப்பிக்கும் மேலயும் கீழயும் ஓட விடறியா? போன்ல பேசினா ரெண்டு நிமிஷத்துல நீ கிரிக்கெட்டுக்குப் போயிடற, நான் சொல்ல வந்தது அப்பிடியே நின்னுடுது, அதான் இன்னிக்கு உக்காந்து டைப் பண்றேன். நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படி.

பெரியவ இன்னும் சென்னைலதான், மாப்ளைக்கும் அங்கயே வேல. சின்னவன் பெங்களூர். நாங்க ரெண்டு பேரும் சத்துவாச்சாரில அதே வாடகை வூட்ல, ஹவுஸ் ஓனர் பையன் அமெரிக்காலருந்து திரும்பி வரப்போறானாம், இடிச்சிட்டு அபார்ட்மெண்ட் கட்டணுமாம், நாசூக்கா சொல்லிட்டாரு. அதுலதான் இந்த வூடு தேடற கத ஆரம்பிச்சிது.

இத்தினி வருஷம் வேலூர்ல குப்ப கொட்டிட்டு இப்ப இன்னாத்துக்குடா ஆற்காட்டுப் பக்கம் போறன்னு கேட்டியே, காரணம் வேற ஒண்ணும் இல்ல, காசுதான். ஒரு பக்கம் சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வர்ற வெளியூர் ஜனம், இன்னொரு பக்கம் காட்பாடில வி.ஐ.டி. பசங்க, ரெண்டு கூட்டத்துக்கும் ரூம் ரூமா தடுத்து வாடகைக்கு விட்டே ஜனங்க பொழைக்கறாங்க, அந்த வருமானத்த கணக்குப் போட்டுதான் வெல சொல்றான். நமக்கு வாடகைக்கு விடற எண்ணம் இல்ல, குடி இருக்கணும் அவ்ளோதான், அப்ப அவன் வருமானத்துக்கு நான் ஏன் விலை குடுக்கணும்? காந்தி நகர் பக்கம் ஒரு வூட்டு வெலய கேட்டுட்டு என் வூட்டுக்காரி ஒண்ணுமே பேசாம வந்து வண்டில உக்காந்துட்டா.

அதனால கெழக்க பாத்தோம். நீ ஊர விட்டுப் போனப்ப எல்லாமே வடஆற்காடு, 1989ல திருவண்ணாமல தனியாப் போச்சி, 2019ல வேலூர மூணாப் பிரிச்சி ராணிப்பேட்டய மாவட்டமாக்கிட்டாங்க. பாலாத்துக்கு இந்தப் பக்கம் ஆற்காடு, பாலத்த தாண்டினா ராணிப்பேட்ட, அங்கருந்து நாலஞ்சு கிலோமீட்டர்ல வாலாஜா. மேப்புல பாத்தா ஒரே ஊருன்னு தோணும். குடி இருக்கறதுக்குன்னு போய் நின்னு பாத்தாதான் மூணும் மூணு ஊருன்னு தெரியுது.

மொதல்ல ராணிப்பேட்ட. மாவட்டத் தலைநகரு, 2022ல புது கலெக்டர் ஆபீஸ் தெறந்தாச்சி, பெல் கம்பெனி இருக்கு, நம்ம ஸ்கடர் ஆஸ்பத்திரி 1866லருந்து இருக்கு. புரோக்கர் ஒருத்தரு, நல்ல மனுஷன்தான், ஆனா வாய தெறந்தா டாடாதான். "சார் டாடா வந்துட்டான் சார், ஒம்பதாயிரம் கோடி சார், அடுத்த வருஷம் இந்த வெலைக்கு நீங்க நிக்கவே முடியாது." வந்தது உண்மதான், 2024 செப்டம்பர்ல அடிக்கல் நாட்டினாங்க, ஆனா அது பனப்பாக்கத்துலப்பா! பனப்பாக்கம் எங்க இருக்கு, ராணிப்பேட்ட முத்துக்கடை எங்க இருக்கு? நெமிலி பக்கத்துல கார் செஞ்சா முத்துக்கடைக்கு பின்னாடி சந்துல சதுர அடி வெல எப்பிடி ஏறுது, கேட்டா "மாவட்டம் ஒண்ணுதானே சார்"ங்கறாரு.

அவர் காமிச்ச வூடு பாக்க அம்சமா இருந்துது, ஒத்துக்கறேன். புதுசு, ரெண்டு பெட்ரூம், மாடுலர் கிச்சன், வாசல்ல கிரானைட்டு. நான் கார் நிக்குமான்னு அளந்துகினு இருந்தேன், வூட்டுக்காரி நேரா பின்பக்கம் போயிட்டா. அங்க துணி தொவைக்கற கல்லுகிட்ட குழாய் வாயில வெள்ளையா உப்பு கட்டி நின்னுது, நகத்தால சொரண்டிப் பாத்தா, அப்பிடியே ஓடு ஓடா பேந்து வந்துது. வூடு முடிஞ்சி ஒரு வருஷம் கூட ஆகல! அப்பால காம்பவுண்டு பக்கம் போய் எட்டிப் பாத்து, அடுத்த வூட்ல பாத்திரம் கழுவிகினு இருந்த அம்மாவ கேட்டா, "ஏன்க்கா, இந்த போர் தண்ணில பருப்பு வேவுதா?" அந்தம்மா சிரிச்சிட்டாங்க. "பருப்பா? சோத்துக்கும் குழம்புக்கும் கேன் தண்ணிதான், குளிக்கறதுக்கு இது, முடி கொட்டுது, துணிக்கு இது, வெள்ள வேட்டின்னா எங்க ஊட்டுக்காரரு மாமியார் ஊருக்கு எடுத்துகினு போறாரு." புரோக்கர் உடனே "ஃபில்டர் ஒண்ணு போட்டுட்டா ஆச்சி மேடம்"ன்னாரு. அதோட முடிஞ்சிது ராணிப்பேட்ட வூடு.

ஊரு பூரா அப்பிடின்னு சொல்லமாட்டேன், தெருவுக்குத் தெரு தண்ணி மாறுது. ஆனா சிப்காட் தொழிற்பேட்ட பக்கம் எனக்கு மனசு ஒப்பல. உப்பாவது குழாய்ல கண்ணுக்குத் தெரியுது, குரோமியம் தெரியாது, காய்ச்சினாலும் போகாது. 90கள்ல மூடின குரோமியம் கம்பெனியோட கழிவு லட்சக்கணக்கான டன் அங்க குவிச்சி வெச்சது உனக்கும் தெரியும், 2006லயே உலகத்துலயே ரொம்ப மாசுபட்ட எடம்னு ஒரு வெளிநாட்டு லிஸ்ட்ல நம்ம ராணிப்பேட்ட பேரும் வந்துது. தோல் பேக்டரி கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு 1996ல தீர்ப்பு சொல்லிச்சி, கெடுத்தவன்தான் காசு கட்டணும்னு. மறுபடி 2025 ஜனவரில பாலாறு பத்தி இன்னொரு தீர்ப்பு. ரெண்டுக்கும் நடுவுல ஏறக்கொறய முப்பது வருஷம் பாரு, நிலத்தடித் தண்ணிக்கு கோர்ட்டு ஆர்டர் படிக்கத் தெரியாதே. முனிசிபாலிட்டி குழாய்ல காவிரித் தண்ணி வருதுன்னு சொல்றாங்க, வருது, இல்லன்னு சொல்லல, ஆனா அது வர்ற அன்னிக்குதான் வரும், மிச்ச நாளெல்லாம் போரதான் நம்பணும்.

ஆற்காடு வூட்டுக்காரிக்கு ரொம்பப் புடிச்சிது. யாருக்குத்தான் புடிக்காது, எறங்கி நடந்தா பூ, காய், கறி, மருந்து, நக, துணி எல்லாம் கால் கிலோமீட்டருக்குள்ள. வேலூருக்கு பஸ்ஸு போய்கினே இருக்கு, ஆரணி செய்யாறு காஞ்சிபுரம் எல்லாத்துக்கும் அங்கருந்தே வண்டி. மக்கன் பேடா வாங்கினோம், அவளுக்கு சுகர்ன்றதால நானே ரெண்டையும் தின்னேன் (தங்கச்சிகிட்ட சொல்லாத, அது உடனே இவளுக்கு போன் பண்ணும்). பழைய வூடு, ஆத்துப் பக்கமான தெரு, தண்ணி பரவால்ல. 2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடிச்சே, அப்ப தண்ணி எதுவரைக்கும் வந்துதுன்னு அந்தத் தெரு டீக்கடைல விசாரிச்சேன். ஆளுக்கொரு எடம் காட்டினாங்க, ஒருத்தர் காமிச்ச எடம் நாங்க பாத்த வூட்டு வாசப்படிக்கு ரொம்பக் கிட்ட. காலம் பூரா மணலா கெடக்கற ஆறு, அது ஒருநாள் வந்தா எவ்ளோ எடம் கேக்கும்னு அன்னிக்குதான் ஊரே பாத்துது.

அதுவும் போகட்டும், தெருவுக்குள்ள கார் போகல. பெரியவ கொழந்தைய தூக்கிகினு வந்தா மெயின் ரோட்டுல வண்டிய விட்டுட்டு நடக்கணும். அந்தப் பக்கம் அந்தக் காலத்துல மானியமா குடுத்த பழைய இனாம் நிலம் வேற நெறய, பத்திரத்த தோண்ட ஆரம்பிச்சா நவாபு வரைக்கும் போவுது, வக்கீலே யோசிச்சாரு. அவளுக்கு இன்னும் அந்த பஜார் மேல கீற ஆச போகல.

வாலாஜாவ நான் கணக்குலயே வெக்கல, உண்மைய சொல்றேன். கூட வேல பாத்த ஒருத்தரு சொன்னாருன்னு போனோம். ஆற்காடு நவாபு மொகம்மது அலி வாலாஜா பேர்ல வந்த ஊரு, 1866லயே முனிசிபாலிட்டி ஆயிட்ட ஊரு, ஆனா இப்ப பாத்தா ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் மாதிரி அமைதியா ஒக்காந்திருக்கு. நேர் நேரா தெரு. சில சந்துல இன்னும் தறி சத்தம் கேக்குது. அரசு தலைமை ஆஸ்பத்திரி ஊருக்குள்ளயே கீது. பெங்களூர் ஹைவே பக்கத்துல, சின்னவன் ராத்திரி பஸ் ஏறினா விடியக்காத்தால எறங்கிடுவான். ரயிலுக்குதான் கொஞ்சம் இம்ச, 1856ல ராயபுரத்துலருந்து மொத வண்டி வந்து நின்ன ஸ்டேஷன்னு பெரும பேசலாம், ஆனா ஊர விட்டுத் தள்ளி அம்மூர் பக்கம் கீது, ஷேர் ஆட்டோ புடிச்சிதான் போகணும். ஏலகிரி எக்ஸ்பிரஸ் அங்க நிக்குது, அது போதும் எனக்கு.

வூடு பழசு, பளபளப்பு ஒண்ணும் இல்ல. செவுத்துல பச்ச டிஸ்டெம்பர், கிச்சன்ல செமெண்ட் அலமாரி, பின்னாடி ஒரு கெணறு, கறிவேப்பில மரம். ஓனர் ரிட்டயர்டு வாத்தியாரு, பையன்கூட ஹைதராபாத் போறாரு. இவ இந்த தடவ யாரையும் கேக்கல, ரெண்டு லிட்டர் பாட்டில்ல கெணத்துத் தண்ணி புடிச்சிகினு வந்துட்டா. ராத்திரி அந்தத் தண்ணில தொவரம்பருப்பு போட்டா, குக்கர்ல இல்ல, வெறும் பாத்திரத்துல, பக்கத்துலயே நம்ம வூட்டுத் தண்ணில இன்னொரு பாத்திரம். வாலாஜா பருப்பு மொதல்ல கொழஞ்சிது! கரண்டிய எடுத்துகினு வந்து என் மூஞ்சிக்கு நேரா காட்டறா. நானும் விடல, இன்னொரு பாட்டில் புடிச்சி குடிநீர் வடிகால் வாரிய லேப்ல குடுத்திருக்கேன், ரிசல்ட் வரட்டும்.

இப்ப எனக்கு ஒண்ணு புரியுது மச்சி, எல்லாரும் ஊரு வளருமா, வெல ஏறுமான்னுதான் கேக்கறான், நானும் அப்பிடித்தான் ஆரம்பிச்சேன். இந்த மூணு ஊருல எதுல இருந்தாலும் மிச்ச ரெண்டையும் நீ விடப்போறதில்ல. கலெக்டர் ஆபீஸ் வருஷத்துக்கு ரெண்டு தடவ போனா பெரிசு, துணி எடுக்க ஆற்காடு, அது தீபாவளி பொங்கலுக்கு. பெரிய வைத்தியம்னா ரத்தினகிரிகிட்ட சி.எம்.சி. புது கேம்பஸ் வந்தாச்சி. எப்பவாவது வேண்டியதுக்கெல்லாம் பஸ்ஸு கீது. தினம் வேண்டியது தண்ணி, காலைல நடக்க ஒரு தெரு, ராத்திரி நெஞ்ச புடிச்சிகினா ஓடறதுக்கு ஒரு ஆஸ்பத்திரி, இது பஸ் ஏறிப் போய் வாங்கற சாமான் இல்ல. நம்ம வயசுக்கு வெல ஏறினா இன்னா, எறங்கினா இன்னா, நாம விக்கவா போறோம்? புள்ளைங்க வித்துக்கட்டும்.

அவ இன்னும் முழுசா ஒத்துக்கல. வாலாஜால ஏழு மணிக்கு மேல தெரு அடங்கிடுது, பேச்சுத் தொணைக்கு யாருங்கறா. ஞாயம்தான்.

இப்ப உன்கிட்ட ஒரு வேல. வாலாஜா வூட்டுப் பத்திரத்துல ஒரு சிக்கல். வில்லங்க சான்று போட்டுப் பாத்தேன், சுத்தமா கீது, பட்டாவும் வாத்தியாரு பேர்லதான். ஆனா மூலப்பத்திரம் படிச்சா அது அவங்க அப்பா சொந்தக் காசுல வாங்கின சொத்து, அவரு உயில் எழுதாம போயிட்டாரு, 1991ல அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பாகப்பிரிவின பண்ணி ரிஜிஸ்டர் பண்ணிகினாங்க. ஒரு அக்கா வேற இருக்காங்களாம், பேச்சுவாக்குல வாத்தியாரம்மா சொன்னாங்க, அந்தக்கா கையெழுத்து எதுலயும் இல்ல. 1956 சட்டத்துலயே அப்பா சொத்துல பொண்ணுக்கும் பங்கு உண்டே. வில்லங்கத்துல இது வராது, ரிஜிஸ்டர் ஆனதுதான் அதுல வரும், ரிஜிஸ்டர் ஆகாத அக்கா எப்பிடி வருவாங்க? வாத்தியார கேட்டா "அதெல்லாம் அக்கா ஒண்ணும் கேக்கமாட்டாங்க சார், அப்பவே சீர் செஞ்சாச்சி"ங்கறாரு. நான் வாரிசு சான்று கேட்டிருக்கேன், அந்தக்கா தன் பங்க விட்டுக்குடுக்கறேன்னு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்தாதான் அட்வான்ஸ்னும் சொல்லிட்டேன். கொஞ்சம் மொகம் சுண்டிப்போச்சி அவருக்கு.

உன் மச்சான் அரக்கோணத்துல பத்திரம் எழுதறாரே, அவர்கிட்ட ஒரு வார்த்த கேளேன். அந்தக்கா தனியா விடுதல எழுதினா போதுமா, இல்ல கிரயப் பத்திரத்துலயே அவங்களயும் கையெழுத்து போட வெக்கறதா, எதுல செலவு கம்மி. ரிஜிஸ்ட்ரேஷனுக்கே முத்திரைத் தீர்வ ஏழு, கட்டணம் ரெண்டு, ஆக நூத்துக்கு ஒம்போது ரூவா போவுது, அம்பது லட்சம்னா நாலர லட்சம் அங்கயே காலி, இதுக்கு மேல ஒரு செலவுன்னா இப்பவே தெரிஞ்சிக்கணும்.

பத்திரம், பட்டா எல்லாத்தயும் போட்டோ எடுத்து உன் வாட்ஸ்ஆப்ல போடறேன், 1991 பத்திரத்துல மூணாவது பக்கம் மங்கலா கீது, அவரு கண்ணாடி போட்டுகினு பாக்கணும். வெள்ளிக்கெழமக்குள்ள சொல்லிட்டா நல்லாருக்கும், வாத்தியாருக்கு வேற ஒரு பார்ட்டியும் வந்து பாத்துட்டுப் போயிருக்காம். முட்டிய பாத்துக்க, தங்கச்சிய கேட்டதா சொல்லு.

உன்
பழைய பெஞ்சுக்காரன்