காலாண்டு விடுமுறையை முன்னிட்டுப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

காலாண்டுத் தேர்வுகள் நல்ல முறையில் நிறைவுற்றன. வட்டார விளையாட்டுப் போட்டிகளிலும் அறிவியல் கண்காட்சியிலும் நம் மாணவர்கள் பரிசு பெற்றுள்ளனர், அனைவருக்கும் பாராட்டுகள். விடைத்தாள்கள் பள்ளி திறந்ததும் வழங்கப்படும்.

இப்பருவத்தில் நடந்த மருத்துவப் பரிசோதனையில், எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள மாணவர்களுள் வயதுக்கும் உயரத்துக்கும் மிஞ்சிய எடை உடையோர் கடந்த ஆண்டைவிடக் கூடியிருப்பதாக மருத்துவர் தெரிவித்தார். சிலருடைய பிடரியில் படரும் கருமை தேய்த்துக் குளித்தால் போகும் அழுக்கன்று என்றும், உடலில் இன்சுலின் சரிவரச் செயல்படாததன் அறிகுறியாக அது இருக்கலாம் என்றும் அவர் விளக்கினார். வளர்கிற பிள்ளை சற்றுப் பூசினாற்போல் இருப்பதில் தவறில்லை என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. ஆனால் பதின்வயதில் கூடும் எடை பெரும்பாலும் பெரியவர்களான பின்னும் தொடர்கிறது.

காலையிலேயே இருவரும் வேலைக்குப் புறப்படும் வீடுகளின் சிரமத்தை நாங்கள் நன்கு அறிவோம். எனினும், மதிய இடைவேளையில் செயலி வழியாக வரவழைக்கப்படும் பர்கர், பொரித்த கோழி, குளிர்பானப் பொட்டலங்கள் பள்ளி வாயிலில் குவிவது அன்றாடக் காட்சியாகிவிட்டது. அரை லிட்டர் குளிர்பானத்தில் ஏறத்தாழ 50 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிற்பதே நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும் வாயிலிலிருந்து 50 மீட்டர் வரையிலும் விற்கக் கூடாது என 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் கூறுகின்றன. விற்கவே கூடாத உணவை நாமே வரவழைத்துக் கொடுப்பது எவ்வகையிலும் முறையாகாது.

ஆகவே, விடுமுறைக்குப் பின் இத்தகைய உணவு எதுவும் வாயிலில் பெற்றுக்கொள்ளப்பட மாட்டாது, திருப்பி அனுப்பப்படும். தனிப்பயிற்சியைக் காரணம் காட்டி உடற்கல்வி வகுப்பிலிருந்து விலக்குக் கோரும் கடிதங்களும் இனி ஏற்கப்பட மாட்டா. நாள்தோறும் 60 நிமிட உடலுழைப்பு இந்த வயதினருக்குத் தேவை. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் இதற்கு விதிவிலக்கல்ல.

அதே வேளையில், எடையைச் சொல்லி எந்தப் பிள்ளையையும் வீட்டில் கேலி செய்ய வேண்டாம், பட்டினி போடவும் வேண்டாம் என மிகவும் கேட்டுக்கொள்கிறேன். மனம் நொந்த பிள்ளை ஒளித்து உண்ணத் தொடங்கும். வகுப்பில் பட்டப்பெயர் சொல்வோர் மீது நாங்கள் நடவடிக்கை எடுக்கிறோம். மருத்துவ ஆலோசனை தேவைப்படும் மாணவர்களின் பெற்றோருக்கு மட்டும் தனிக் கடிதம் உறையிலிட்டு அனுப்பப்படும்.

மதிய உணவு கட்டித்தர இயலாத நாள்களில் முந்தைய மாலையே வகுப்பாசிரியரிடம் தெரிவித்தால், பள்ளி உணவகத்தில் சாம்பார் சாதமும் சுண்டலும் ஏற்பாடு செய்யப்படும். பிறந்தநாளுக்குச் சாக்லேட்டுக்குப் பதிலாக வாழைப்பழமும் கடலை மிட்டாயும் கொடுத்தனுப்பத் தொடங்கியுள்ள பெற்றோருக்கு என் மனமார்ந்த நன்றி. உங்கள் ஒத்துழைப்பை என்றும் நாடும்,

தலைமையாசிரியர்