மயிலைத் தனியே எடுப்பது

அன்பு நண்பா,

நலம். உன் செய்தியும் படமும் கிடைத்தன. ஆடி பிறந்துவிட்டதால் இங்கே கல்யாணப் பத்திரிகை வேலை ஓய்ந்து, சிவகாசி முழுக்கக் காலண்டர் பேச்சாக இருக்கிறது. பதினெட்டாம் பெருக்கன்று புது காலண்டர் மாதிரி ஆல்பம் வெளிவந்தாக வேண்டும் என்று ராத்திரியிலும் அச்சகங்களில் விளக்கு எரிகிறது. மூத்தவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். என் மூட்டுவலி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நீ சொந்தமாகக் கடை போட்டுவிட்டாய் என்பதில் எனக்கு உன்னைவிட மகிழ்ச்சி.

இனி உன் மயிலுக்கு வருகிறேன். கல்யாணப் பத்திரிகைக்காகப் பெண் வீட்டார் இணையத்திலிருந்து எடுத்துக் கொடுத்த படத்தில் இடப்பக்க மயிலும் அதன் கீழே உள்ள தாமரையும் மட்டும் வேண்டும், மெரூன் அட்டையில் வர வேண்டும், மயில் வண்ணத்தில், தாமரை தங்க ஃபாயிலில் (சூடாக அழுத்தி ஒட்டும் தங்க நிறத் தாளில்) என்று எழுதியிருக்கிறாய். உன் கையில் இருப்பது ஜேபெக். அதில் மயில் என்று தனியாக ஒன்றும் கிடையாது. வரைந்தவரிடம் லேயர் லேயராக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தனித்தனித் தாள்கள் போல் இருந்ததெல்லாம் ஒரே பரப்பாக உறைந்துவிட்டது. ஆகவே முதல் வேலை கத்தியை எடுப்பதல்ல, விசாரிப்பது. ஆயத்தப் படங்களை விற்கும் ஸ்டாக் தளங்களில் இப்படிப்பட்ட டிசைன்கள் பெரும்பாலும் ஜிப் கோப்பாகத்தான் வரும். உள்ளே பாகங்களைத் தனித்தனியாக எடுக்கக்கூடிய இபிஎஸ் (EPS) அல்லது இல்லஸ்ட்ரேட்டரின் ஏஐ (.ai) கோப்பு இருக்கும், கூடவே பார்வைக்கு ஒரு ஜேபெக். வாடிக்கையாளர்கள் திறக்கத் தெரிந்ததை மட்டும் அனுப்பிவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள். அதுவும் வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் இன்னும் சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்.

நீ அனுப்பிய படத்தின் அகலம் 1,200 பிக்சல். 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால், முழுப் படமே 4 அங்குலம்தான். மயில் அதில் மூன்றில் ஒரு பங்கு. உனக்கு அட்டையில் 3 அங்குல மயில் வேண்டும். கணக்கு இங்கேயே இடிக்கிறது.

இருந்தாலும் வெட்டிப் பார்த்திருக்கிறாய், ஓரத்தில் வெளிறிய கோடு விழுகிறது என்கிறாய். மயிலின் கழுத்தை 800 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார். நீலம் முடிந்த இடத்தில் பின்னணியின் சந்தன நிறம் உடனே தொடங்கவில்லை. நடுவில் இரண்டு மூன்று பிக்சல்கள் நீலமும் சந்தனமும் கலந்து நிற்கின்றன. அதைச் சுற்றி மணல் இறைத்தது போல் ஓர் அழுக்கு: ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதன் எச்சம். ஒரே நிறப் பகுதியைச் சொடுக்கில் தேர்ந்தெடுக்கும் மேஜிக் வாண்ட் இங்கேதான் திணறுகிறது. சந்தன நிறப் பின்னணியில் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கலப்பு மெரூன் மேல் வந்ததும் வெள்ளைக் கரை போட்டதுபோல் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இந்தக் கலப்பைக் கணக்குப் போட்டே பிரித்துவிடலாமே என்று உனக்குத் தோன்றும். கணினி வரைகலை ஆய்வாளர்களான ஆல்வி ரே ஸ்மித்தும் ஜிம் பிளின்னும் 1996இல் இதைத்தான் ஆராய்ந்தார்கள். ஒரு பிக்சலில் நமக்குக் கிடைப்பவை சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். பின்னணி நிறம் தெரிந்தாலும் உருவத்தின் மூன்று நிற எண்களும், அது எவ்வளவு மறைக்கிறது என்ற அளவும் தெரியாது. சமன்பாடு மூன்று, தெரியாத எண்கள் நான்கு. அதே உருவம் இரண்டு வேறு பின்னணிகளில் கிடைத்தால் தீர்வு உண்டு. ஒற்றைப் படத்தில் பொதுவாக இல்லை. ஆனால் நமக்கு ஓர் அனுகூலம்: கழுத்தின் நீலம் இன்னதென்று நமக்குத் தெரியும். பென் டூலில் பாத் (வெட்டுக்கோடு) போடும்போது ஓரத்திலிருந்து ஒரு பிக்சல் உள்ளே தள்ளிப் போடு. பிறகு உருவத்துக்கு வெளியே நிறம் படாதபடி அந்த லேயரின் வெற்றிடத்தைப் பூட்டிவிட்டு, பக்கத்து நீலத்தை எடுத்து விளிம்பில் மட்டும் பிரஷ் ஓட்டு. வெள்ளைக் கரை போய்விடும். மயிலின் நிழலை வெட்டி எடுக்க மெனக்கெடாதே. மெரூனில் அது எடுபடாது.

இப்போது எல்லாவற்றையும் சொடுக்கில் பிரித்துத் தரும் கருவிகள் வந்துவிட்டன. மெட்டா 2023இல் வெளியிட்ட ஒன்று 1 கோடியே 10 லட்சம் படங்களைப் பார்த்துக் கற்றதாம். மயில் எது, தரை எது என்று அது அழகாகச் சொல்லிவிடும். ஆனால் விளிம்பின் கடைசி இரண்டு பிக்சலில்தான் நம் பிழைப்பு இருக்கிறது. அங்கே நான் இன்னும் கையைத்தான் நம்புகிறேன். நாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிவப்பு ஃபிலிமைக் கத்தியால் கீறி உரித்து மாஸ்க் போட்டோமே, கீறல் முடி அளவு விலகினாலும் மேஸ்திரி பிளேட் போட விடமாட்டாரே, அந்தப் பழக்கம்தான்.

தாமரை வேறு கதை. அதை வெட்டவே வெட்டாதே. ஃபாயிலை அழுத்தும் அச்சான பிளாக்குக்கு வேண்டியது ஒரே கறுப்பில், பிக்சல் இல்லாத சுத்தமான வெக்டர் கோடு. கோரல்டிராவில் டிரேஸ் கொடுத்து, படத்தைத் தானாகவே கோடாக மாற்றச் சொன்னால் தங்க நிறத்தின் ஏற்ற இறக்கத்தையெல்லாம் தனித்தனித் திட்டாக்கி, ஆயிரக்கணக்கான நோட்களை (கோட்டை வளைக்கும் புள்ளிகளை) கொட்டிவிடும். அவற்றைப் பொறுக்கி முடிப்பதற்குள் புதிதாகவே வரைந்துவிடலாம். அந்தத் தாமரையைக் கவனி: நடு இதழுக்கு இரு பக்கமும் ஒரே வடிவம். பாதியை வரைந்து, புரட்டி ஒட்டினால் வேலை முடிந்தது.

மயில் தோகை மறைத்திருக்கும் இதழ்களை எப்படி நிரப்புவது என்று கேட்டிருக்கிறாய். படத்தின் வலப்பக்கம் பார். அங்கே மயிலின் தோகை சற்று மேலே தூக்கியிருப்பதால் முழுத் தாமரையும் தெரிகிறது. வரைந்தவர் ஒன்றை வரைந்துதான் இரண்டு இடத்திலும் வைத்திருக்கிறார். ஸ்டாக் டிசைன்களில் பாதி இப்படித்தான். மறைந்த பாகத்தின் மறைக்காத பிரதி வேறொரு மூலையில் கிடக்கும். நான் எந்தப் படத்தையும் முதலில் அப்படித்தான் மேய்வேன்.

இன்னொன்று. மாப்பிள்ளை வீட்டார் இதே மயிலைத் தங்கள் இனிப்புக் கடைக்குச் சின்னமாக வைக்கலாமா என்று கேட்பதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். சம்மதிக்காதே. பத்திரிகையில் அச்சிடுவது வேறு, வணிகச் சின்னமாகப் பதிவது வேறு. ஸ்டாக் உரிமங்களில் பெரும்பாலானவை இரண்டாவதை அனுமதிப்பதில்லை. வெட்டி எடுத்ததாலோ நிறம் மாற்றியதாலோ அது உன் மயிலாகிவிடாது. அவர்களுக்குப் புதிதாக ஒன்று வரைந்து, அதற்குத் தனியாகக் காசு வாங்கு.

இபிஎஸ் கிடைத்ததா என்று நாளைக்குள் சொல். கிடைக்காவிட்டால் மயிலை நீ பார்த்துக்கொள், தாமரையை நான் வரைந்து அனுப்புகிறேன். ஆவணி முதல் முகூர்த்தம் என்றால் ஃபாயில் பிளாக் இந்த வாரமே கொடுத்தாக வேண்டும். தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் பழைய கூட்டாளி