இதய நோயாளிக்குக் கஞ்சி மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் இரத்தத்தைப் போதிய அளவு இறைக்க முடியாத நிலை என்று மருத்துவர் சொன்ன மறுநாளே நம் வீடுகளில் நோயாளியின் தட்டு சுருங்கிவிடுகிறது. முட்டை சூடு, மீன் கெடுதல், பருப்பு வாயு என்று ஒவ்வொன்றாக நின்றுபோகும். மிஞ்சுவது வெள்ளைக் கஞ்சியும், வாய்க்கு ருசியாகக் கொஞ்சம் ஙப்பியும் (உப்பிட்டு நொதிக்கவைத்த மீன் அல்லது இறால் விழுது). உடலுக்கு வேண்டியது போய், வேண்டாதது தங்கிவிடுகிறது. யாங்கூன் தமிழ்க் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே எழுதுகிறேன்.

முதலில் உப்பு. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி, ஏறத்தாழ 5 கிராம். அதில் 2,000 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலையில் போடும் உப்பை எண்ணுகிறோம், புட்டியிலிருந்து ஊற்றுவதை எண்ணுவதில்லை. ஒரு மேசைக்கரண்டி மீன் சாற்றிலேயே (ஃபிஷ் சாஸ்) பெரும்பாலும் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், அஜினமோட்டோ எல்லாமே கணக்கில் சேரும். மீன் குழம்பில் சேமியா போட்ட மொய்ங்கா மீது ஆசை என்றால் சேமியாவை அரித்துச் சாப்பிட்டு, குழம்பைக் கிண்ணத்திலேயே விட்டுவிடலாம். எலுமிச்சை, புளி, இஞ்சி, வறுத்த மிளகாய் ஆகியவை உப்பின் குறையை ஓரளவு மறைக்கும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதை மருத்துவரிடம் கேட்காமல் வாங்க வேண்டாம். அதில் இருப்பது பொட்டாசியம். ஸ்பைரனோலாக்டோன், எனலாப்ரில் போன்ற இதய மாத்திரைகளோடு அது சேர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பே தாறுமாறாகலாம்.

அதற்காக உப்பை அறவே நீக்கவும் தேவையில்லை. 6 நாடுகளில் 806 நோயாளிகளிடம் செய்து 2022இல் வெளியான ஆய்வில், சோடியத்தை 1,500 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவரச் சொன்னதால் இறப்போ மருத்துவமனை அனுமதியோ குறிப்பிடும்படி குறையவில்லை. சப்பென்ற சோற்றை வெறுத்து நோயாளி பட்டினி கிடப்பது அதைவிடப் பெரிய நஷ்டம்.

நம் ஊரில் அதிகம் பேசப்படாதது வைட்டமின் பி1, அதாவது தயமின். இது குறைந்தாலே இதயம் தளர்ந்து கால் வீங்கும்; ஈர பெரிபெரி என்பது அதுதான். வெளுக்கத் தீட்டிய அரிசியில் தயமின் மிகக் குறைவு. அதையும் நாலு தண்ணீர் கழுவி, கஞ்சியை வடித்துக் கொட்டினால் என்ன மிஞ்சும்? சரியாக வேகாத ஙப்பியில் தயமினைச் சிதைக்கும் நொதி இருக்கலாம். லப்பெ (ஊறவைத்த தேயிலை), தேநீர், வெற்றிலையோடு போடும் பாக்கு ஆகியவையும் தயமினைக் கெடுப்பவை. வீக்கம் வற்றக் கொடுக்கும் ஃபுரோசிமைடு மாத்திரையோ தயமினைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. மாத்திரை அவசியம், அதை நிறுத்தக் கூடாது. மாற்ற வேண்டியது அரிசியை.

புழுங்கல் அரிசியில், நெல்லை அவிக்கும்போதே தவிட்டின் தயமின் உள்ளே இறங்கிவிடும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பணியாற்றிய மருத்துவர் பிராடன், வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்களை பெரிபெரி வாட்டியபோது, புழுங்கல் அரிசி உண்ட தமிழர்கள் தப்பியதைக் கவனித்து எழுதினார். அந்த வழக்கத்தை நாமே கைவிட்டோம் என்பது வருத்தமாக இருக்கிறது. புழுங்கல் அரிசியை ஒருமுறை கழுவி, அளவாகத் தண்ணீர் வைத்து, வடிக்காமல் குழைய வேகவிடுங்கள். தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். ஙப்பி இல்லாமல் முடியாது என்றால் நன்றாகக் கொதிக்கவைத்துத் துளி மட்டும். நொதி அழியும், உப்பு அழியாது.

அடுத்தது புரதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 65 கிராம் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், வெந்த மீன் 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம். காலையில் விற்கும் அவித்த பட்டாணியில் புரதமும் தயமினும் உண்டு. எண்ணெய், உப்பு போடாமல் கேட்டு வாங்குங்கள். குடலிலும் ஈரலிலும் நீர் தேங்குவதால் இரண்டு வாயிலேயே வயிறு நிறைந்துவிடும். ஆகவே மூன்று வேளைச் சோற்றை ஆறாகப் பிரியுங்கள், முதல் வாயில் முட்டையோ மீனோ இருக்கட்டும்.

எடை குறையவில்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். சதை கரைவதை நீர் மறைத்துவிடும். கன்னப்பொறியும் தோள்பட்டையும் குழிவிழுகிறதா, வளையல் தளர்கிறதா என்று பாருங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், வெறும் வயிற்றில், ஒரே தராசில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். 3 நாளில் 2 கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்படிக்கு,
உணவியல் பணியில் உள்ள வாசகர்,
யாங்கூன்