தோடியைத் தொட்டால் தோடி வரவேண்டும்

அல்சூர், பெங்களூரு

அன்பு முத்து,

மூட்டு ஆபரேஷன் முடிந்து ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறாய் என்று படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. இங்கே சின்னவள் ஒயிட்ஃபீல்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். மெட்ரோ இருப்பதால் அல்சூரில் ஏறினால் நேரே போய்விடலாம், வண்டி மாற வேண்டியதில்லை. ராமநவமிக் கச்சேரிகளுக்கு இந்த வருஷமும் சாமராஜபேட்டை கோட்டை ஹைஸ்கூல் மைதானத்துக்குப் போனேன். பந்தலில் உட்கார்ந்து கேட்கிற சுகமே தனி. நீ இருந்திருந்தால் தனி ஆவர்த்தனத்துக்கு என் தொடையிலேயே தாளம் போட்டிருப்பாய்.

ஆம்பிளிஃபயரில் இணைத்துப் பாட்டு கேட்கும் ஸ்ட்ரீமர் பெட்டி வாங்கப் போகிறேன், எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். வாங்காதே. ராஸ்பெரி பை போர்டு ஒன்றை வைத்து நீயே செய்துகொள். விலை குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. கடையில் வரும் பெட்டிகள் பெரும்பாலும் ஆன்லைன் சேவைகளை மனத்தில் வைத்துச் செய்தவை. உன்னிடமும் என்னிடமும் இருப்பது சிடி, கேசட், ஹார்டு டிஸ்க்கில் சேர்த்த கச்சேரிகள். அவற்றை நம் இஷ்டப்படி அடுக்கி, கேட்க வேண்டியதை நொடியில் எடுத்துக் கேட்கத்தான் நமக்கு ஒரு கருவி வேண்டும்.

ராஸ்பெரி பையை 2012இல் இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகள் புரோகிராமிங் பழகட்டும் என்று 35 டாலருக்கு வெளியிட்டார்கள். சீட்டுக்கட்டு அளவுதான், ஆனால் முழு கம்ப்யூட்டர். பாட்டுக்கு அதன் சக்தியில் கால்வாசி கூடத் தேவையில்லை. பை 4, அதுவும் குறைந்த மெமரி உள்ளது, தாராளமாகப் போதும். பழைய பை 3 யாரிடமாவது சும்மா கிடந்தால் அதுவும் ஓடும்.

ஒன்றை மட்டும் நினைவில் வை. பை 4 வரை போர்டிலேயே இயர்போன் ஜாக் ஒன்று இருக்கும். அதிலிருந்து ஆம்பிளிஃபயருக்கு வயர் இழுக்காதே. அதற்குப் பின்னால், டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் முறையான டாக் சிப் கிடையாது, பல்ஸை அகலப்படுத்தியும் குறுக்கியும் ஒப்பேற்றியிருக்கிறார்கள். சினிமாப் பாட்டில் அவ்வளவாகத் தெரியாது. பாடகர் ஆலாபனையை நிறுத்தி, வயலின்காரர் எடுப்பதற்கு முன் தம்புரா மட்டும் ஒலிக்கும் இடம் இருக்கிறதே, அங்கே 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் மேலே வந்துவிடும். நம் சங்கீதத்தில் அந்த இடம்தான் உயிர்.

எனவே தனி டாக் போர்டு வேண்டும். பையின் ஓரத்தில் 40 பின்கள் வரிசையாக நிற்கும். டாக் போர்டை அதன்மேல் வைத்து அழுத்தினால் போதும், சால்டரிங் வேலை கிடையாது. ஐ2எஸ் என்ற வழியில் டிஜிட்டல் ஒலி நேரே சிப்புக்குப் போய்விடும், யுஎஸ்பி தேவையில்லை. ஹைஃபைபெர்ரி என்ற பெயரிலும் வருகிறது, ராஸ்பெரி பை நிறுவனமே விற்கும் டாக் பிளஸ் போர்டும் இருக்கிறது. இந்த வகைப் போர்டுகள் பலவற்றில் இருப்பது பிசிஎம்5122 என்ற சிப். நான் வைத்திருப்பதிலும் அதுதான். இதற்கு மேல் செலவு செய்யலாம் என்று கை ஊறினால் அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடு, காதுக்குத் தெரியும். வயருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்காதே.

எலெக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகள் உள்ள எஸ்.பி. ரோட்டுக்கு நானே போய்வந்தேன். மெட்ரோவில் மெஜஸ்டிக்கில் மாறி சிக்பேட்டையில் இறங்கினால் நடக்கிற தூரம். பித்தளை ஸ்பேசர், திருகு, ஆம்பிளிஃபயரில் செருகும் ஆர்சிஏ வயர், அலுமினியப் பெட்டி எல்லாம் அந்த ஒரு தெருவிலேயே கிடைத்துவிட்டன. உனக்கும் ஒரு செட் வாங்கி வைத்திருக்கிறேன்.

பவர் விஷயத்தில் கஞ்சம் வேண்டாம். பை 4க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தரும் அதற்கென்றே உள்ள அடாப்டர் வேண்டும். போன் சார்ஜரைச் செருகினால் வோல்டேஜ் இறங்கி, பாட்டு நடுவில் விக்கும். நாள் முழுக்க ஓடினாலும் 4 வாட் அளவுதான் இழுக்கும், மாதத்துக்கு 3 யூனிட். அதனால் நான் அணைப்பதே இல்லை. ஆனால் கரன்ட் போய்ப் போய் வரும் வீட்டில், பையின் சாஃப்ட்வேர் இருக்கும் எஸ்டி கார்டில் ஏதாவது பதிவாகும்போது மின்சாரம் நின்றால் கார்டு கெட்டுப்போகலாம். பைகோர்பிளேயர் என்ற பிளேயர் சாஃப்ட்வேர் போட்டால் அந்தக் கவலை குறையும். ஆன் ஆகும்போதே தன்னை முழுக்க மெமரியில் ஏற்றிக்கொள்ளும், பிறகு கார்டைத் தொடுவது அபூர்வம். வோலூமியோ, மூட் என்று இன்னும் சில இருக்கின்றன. வோலூமியோ பார்க்க அழகு, முதலில் பழக எளிது. எதைப் போட்டாலும் போனில் பிரவுசரைத் திறந்துதான் இயக்கப் போகிறாய்.

பாட்டுகளை ஃபிளாக் என்ற பைல் வடிவத்தில் வை. சிடியில் உள்ளதில் ஒரு துளி குறையாமல் ஏறக்குறைய பாதி இடத்தில் அடங்கிவிடும். 256 ஜிபி பென் டிரைவில் சுமார் 700 மணி நேரம் வைக்கலாம். ஒலியை நொடிக்கு 1,92,000 தடவை அளந்து பதிந்த 192 கிலோஹெர்ட்ஸ் பைல்களைத் தேடி அலையாதே. சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸிலேயே 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலி பதிவாகிறது, நம் வயசுக் காதுக்கு அதில் பாதி எட்டினாலே பெரிது.

எம்பி3யை விடச் சொல்வதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. சிடியில் கீர்த்தனையை ஒரு டிராக்காகவும் தனி ஆவர்த்தனத்தை அடுத்த டிராக்காகவும் வெட்டியிருப்பார்கள். எம்பி3 பைலின் தலையிலும் வாலிலும் கொஞ்சம் வெற்றிடம் ஒட்டிக்கொள்ளும். தாளம் தொடங்கும் சமம் விழ வேண்டிய இடத்தில் அந்தச் சின்ன இடைவெளி வந்தால் தொடையில் போடும் தாளம் நொண்டும். ஃபிளாக்கில் அந்த வெற்றிடம் இல்லை. பிளேயரில் இடைவெளியில்லாமல் இசைக்கும் வசதி மட்டும் இருந்தால் மிருதங்கம் வழுக்கிக்கொண்டு தொடரும்.

இனி நான் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்துகொண்டிருக்கும் வேலைக்கு வருகிறேன். பைலுக்குள் எழுதும் விவரங்கள். ஆர்ட்டிஸ்ட், ஆல்பம், ஜானர் என்ற கட்டங்கள் நமக்காகப் போட்டவை அல்ல. பல இடங்களில் வயலின் யார், மிருதங்கம் யார் என்ற விவரமே இருக்காது. பக்கவாத்தியம் இல்லாமல் கச்சேரி ஏது? நான் வாய்ப்பாட்டை ஆர்ட்டிஸ்டிலும், பக்கவாத்தியக்காரர்களை பர்ஃபார்மரிலும், வாக்கேயகாரரை கம்போசரிலும் எழுதுகிறேன். ஜானரில் 'கர்நாடிக்' என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை எழுதி என்ன பயன்? அங்கே ராகத்தை எழுதுகிறேன். எந்த பிளேயரிலும் ஜானர் என்ற பட்டியல் இருக்கும். அதைத் திறந்தால் அடாணா, ஆபோகி, ஆனந்தபைரவி என்று வரிசையாக நிற்கிறது. தோடியைத் தொட்டால் என்னிடமுள்ள தோடியெல்லாம் வருகிறது. ஒரே ராகத்தை நாலு பேர் எப்படித் தொடங்குகிறார்கள் என்று அடுத்தடுத்துக் கேட்பது இத்தனை வருஷக் கேள்வியில் எனக்குக் கிடைக்காத சுகம். ஆங்கில எழுத்தில் எழுதாதே, ஒரே ராகம் நாலு விதமாகச் சிதறிவிடும். தமிழிலேயே எழுது, ஃபிளாக் அதை ஏற்றுக்கொள்ளும்.

சித்தப்பா ஊர்த் திருவிழாவில் பேட்டரி ரெக்கார்டரில் பதிந்த நாகஸ்வர கேசட் ஒன்று என்னிடம் இருந்தது. முதலில் கேசட் டெக்கின் ஹெட்டை ஐசோபிரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்தேன். அப்புறம் ஹெட்டின் பக்கத்தில் உள்ள சின்னத் திருகை, கைத்தாளத்தின் 'கிணிங்' துல்லியமாகக் கேட்கும்வரை இம்மியளவாகத் திருப்பினேன். கம்ப்யூட்டரில் ஏற்றிக் கேட்டால், போகப்போகச் சுருதி ஏறிக்கொண்டே வந்தது. பதியும்போது பேட்டரி இறங்க இறங்க டேப் மெதுவாக ஓடியிருக்கிறது, இப்போது சரியான வேகத்தில் ஓட்டும்போது அது துரிதமாக ஒலிக்கிறது. வேகம் 6 சதவீதம் கூடினாலே ஒரு கட்டைச் சுருதி ஒன்றரைக் கட்டை ஆகிவிடும். இதைச் சரிபண்ண எனக்கு வழிகாட்டியது ஒத்து. நாகஸ்வரக்காரர் எங்கே போனாலும் ஒத்து ஊதுபவர் ஆதார ஸட்ஜத்தைவிட்டு நகரமாட்டார் அல்லவா? அந்த ஒத்து முதலிலிருந்து கடைசிவரை ஒரே இடத்தில் நிற்கும்படி ஆடாசிட்டி என்ற சாஃப்ட்வேரில் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனேன். சித்தப்பா பிள்ளைகளுக்கு அனுப்பினேன். பெரியவன் போன் பண்ணி வெகுநேரம் பேசவில்லை, அழுதுகொண்டிருந்தான்.

உன் அப்பா பதிந்த கேசட்டுகள் ஸ்ரீரங்கம் வீட்டுப் பரணில்தானே இருக்கின்றன? இந்த மழைக்காலத்துக்குள் இறக்கு. டேப்பில் பூஞ்சை பூத்திருந்தால் ஓட்டிப் பார்க்காதே, அப்படியே தனியாக எடுத்து வை. நல்லவற்றைக் கூரியரில் போடாமல், தீபாவளிக்கு உன் பையன் இங்கே வரும்போது கையோடு கொடுத்தனுப்பு. அட்டையில் அப்பா எழுதிய தேதி, ஊர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள், பெயர் எழுத அதுதான் ஆதாரம்.

உன் ஆம்பிளிஃபயரின் பின்பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. சிடி அல்லது ஆக்ஸ் என்று எழுதிய ஆர்சிஏ சாக்கெட் காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபோனோ என்று எழுதிய இடத்தில் மட்டும் எதையும் செருகிவிடாதே, அது ரெக்கார்டு பிளேயருக்கு.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்