அந்தத் தாய் தனியாக வாழவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மனித இனத் தோற்றம் பற்றி வந்த கட்டுரையில், ‘2 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரே ஒரு பெண்ணிலிருந்து மனித குலமே தோன்றியது’ என்று எழுதியிருந்தீர்கள். மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்ற எனக்கு அந்த வரி மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

1987இல் ரெபெக்கா கேன், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் ஆகிய மூவரும் 147 பேரின் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பு) டி.என்.ஏ.வை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு அப்படிச் சொல்லவில்லை என்பது தாங்கள் அறியாததல்ல. அந்த டி.என்.ஏ. தாய்வழியாக மட்டுமே இறங்கும்; இன்று வாழும் எல்லோருடைய அந்த டி.என்.ஏ.வும் ஒரு தாயிடம் போய்ச் சேர்கிறது என்றுதான் அவர்கள் சொன்னார்கள். ஆண் பிள்ளைகளை மட்டும் பெற்ற ஒருத்தியின் மைட்டோகாண்ட்ரியா அவர்களோடு நின்றுவிடும். ஆனால் அவளுடைய மற்ற மரபணுக்கள் பேரன் பேத்திகளிடம் தொடரும். அந்தத் தாயின் காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் வாழ்ந்தார்கள். அவர்களில் பலருடைய மரபணுக்களும் இன்று நம் உடலில் இருக்கின்றன. போதாததற்கு, ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழ்வோரிடம் சுமார் 2 விழுக்காடு நியாண்டர்தால் என்ற, அழிந்துபோன வேறொரு மனித இனத்தின் மரபணுக்கள் கலந்திருப்பதை 2010 முதல் மரபியலாளர் ஸ்வாந்தே பாபோ குழுவினரின் ஆய்வுகள் காட்டி, 2022இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்த பிறகு இப்படி எழுதலாமா?

இது முதல் முறையுமல்ல. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்த எலும்புகளுக்கு, உடன் கிடைத்த தீயில் சுட்ட கற்கருவிகளைக் கொண்டு 2017இல் சுமார் 3 லட்சம் ஆண்டு என்று காலம் கணித்தபோது, ‘மனிதன் பிறந்தது மொராக்கோவில்’ என்று தலைப்பிட்டீர்கள். முகம் நம்முடையதைப் போலவும் மண்டை பின்பக்கம் நீண்டு தாழ்ந்தும் இருந்த அவர்களை ஆராய்ந்தவர்களோ, ஓர் இடத்தைச் சுட்டாமல் ஆப்பிரிக்கா முழுவதையுமே சுட்டினார்கள். சென்னை அருகேயுள்ள அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரிகள் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்றவுடன் அவற்றைத் தமிழரின் தொன்மைக்குச் சான்றாக்கினீர்கள். நம் இனமே தோன்றியிராத காலம் அது. அன்று நான் எழுதிய விளக்கத்துக்குத் தங்கள் பக்கங்களில் இடம் கிடைக்கவில்லை.

இந்த வாரம் எங்கள் ஊர்ப் பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒரு மாணவி தங்கள் கட்டுரையை வெட்டிச் சார்ட்டில் ஒட்டி, அதே வரியைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்தாள். தவறென்று விளக்கிச் சொன்னதற்கு, “பேப்பர்லயே போட்டிருக்காங்களே, சார்” என்றாள். அவள் என்னை நம்பவில்லை, தங்களை நம்புகிறாள்.

ஆகவே, வரும் ஞாயிறு இணைப்பில் அதே பக்கத்தில் நான்கு வரித் திருத்தம் ஒன்றை வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
திருநெல்வேலி.