குளத்துக்குப் பாட வரிசை தெரியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலை பார்த்துக்கொண்டே இணையவழியில் படிப்பவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மீன் வளர்ப்புப் பயிற்சியை ஒரே வரியில் தொட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். அப்படி ஒரு படிப்பில் சேர்ந்து சான்றிதழும் வாங்கியவன் நான். விட்டுப்போனதைச் சொல்லலாமென்று எழுதுகிறேன்.

12 வாரப் படிப்பு அது. வாரத்துக்கு ஒரு பாடம்; முந்தையதை முடித்தால்தான் அடுத்தது திறக்கும். இரண்டாவது வாரம் மீன் இனங்களின் வகைப்பாடு ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாரம் மூன்று நாள் தொடர்ந்து மூட்டம். நான்காம் நாள் விடியற்காலை நாலரை மணிக்கு, தீவனம் போடும் தம்பி ஓடிவந்து எழுப்பினார். டார்ச் அடித்துப் பார்த்தால், குளம் முழுக்க மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரைப் போட்டோம். பம்பைத் திருப்பி, தண்ணீரை உயரத்திலிருந்து கொட்டவிட்டோம். பாதி தப்பியது.

காரணம் எளிமையானதுதான். வெயில் அடித்தால் தண்ணீரிலுள்ள பச்சைப் பாசி பகலில் ஆக்சிஜன் தரும். இரவில் அதே பாசி ஆக்சிஜனை இழுக்கும். மூட்டமான நாளில் வரவு குறைவு, செலவு அப்படியே. அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் இருப்பு அடிமட்டத்துக்குப் போகும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நிம்மதி. 3-க்குக் கீழே இறங்கினால் மீன் திணறத் தொடங்கிவிடும். மூட்டம் போட்டால் தீவனத்தைக் குறைத்துவிட்டு, இரவிலேயே ஏரேட்டரை ஓடவிட வேண்டும். இவ்வளவும் அந்தப் படிப்பில் இருந்தது. ஆறாவது வாரத்தில்.

இணையவழிப் படிப்பே வீண் என்று சொல்ல வரவில்லை. குளத்தை விட்டுவிட்டு மூன்று நாள் பயிற்சிக்குப் போக எங்களால் முடியாது. மீனுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கைபேசியில் வரும் பாடம்தான் எங்களுக்குத் தோது. ஆனால் அதைத் தயாரிப்பவர்கள் கல்லூரிப் பாடத்திட்டத்தை எடுத்து, படம் பிடித்து, அப்படியே ஏற்றிவிடுகிறார்கள்.

பரீட்சையையே எடுத்துக்கொள்ளுங்கள். அமோனியாவின் வேதிக் குறியீடு என்ன என்று கேட்டார்கள். சரியாகத்தான் எழுதினேன். என் குளத்து அமோனியாவைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியது வேறு. தண்ணீரில் உள்ள மொத்த அமோனியாவில் எவ்வளவு நஞ்சாக மாறும் என்பதைத் தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 28 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் நஞ்சான பங்கு 1 சதவீதத்துக்கும் கீழே. அதுவே 9 ஆனால் ஏறக்குறைய 40 சதவீதம். பாசி அடர்ந்த குளத்தில் காலையிலிருந்து பிற்பகலுக்குள் பி.எச். கணிசமாக ஏறிவிடும். நானோ வருடக்கணக்காகக் காலையில் மட்டும் சோதித்துவிட்டு, எல்லாம் சரி என்று எழுதி வைத்துக்கொண்டிருந்தேன். 'ஒரு வாரம் காலை 6 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் உன் குளத்தை அளந்து அனுப்பு' என்பதையே பரீட்சையாக வைத்திருந்தால், முதல் நாளிலேயே என் தப்பு எனக்குத் தெரிந்திருக்கும்.

நிலைத்த மீன் வளர்ப்பு என்ற தலைப்பில் இருந்த பாடமும் அப்படித்தான். படங்கள் அழகு, பேச்சு உருக்கம். கணக்கு மட்டும் இல்லை. 10 டன் மீன் எடுக்க ஒருவர் 15 டன் தீவனம் போடுகிறார், இன்னொருவர் 18 டன் போடுகிறார் என்று வையுங்கள். தீவனத்தில் 28 சதவீதம் புரதம் இருந்தால், கூடுதலான அந்த 3 டன்னில் சுமார் 130 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. இருவரும் எடுத்த மீன் ஒரே அளவு என்பதால் அந்த நைட்ரஜன் மீனுக்குள் போகவில்லை; தண்ணீருக்கும் அடிச் சேற்றுக்கும்தான் போயிருக்கும். வடிகாலைத் திறந்தால் அடுத்தவர் வாய்க்காலுக்கு. சுற்றுச்சூழலைப் பற்றி அரைமணி நேரம் பேசுவதைவிட, ஒவ்வொருவரையும் தம் தீவனச் சாக்குகளை எண்ணி இந்தக் கணக்கைப் போடச் சொல்லலாம். எங்களுக்கு அது உறைக்கும்.

உலகில் கிடைக்கும் மீன், இறால் போன்றவற்றில் பாதிக்கு மேல் இன்று வளர்த்து எடுப்பவைதான். 2022இல்தான் முதல்முறையாகப் பிடிப்பதை வளர்ப்பது முந்தியது. அந்த வருடம் வளர்த்து எடுத்தது 9 கோடியே 44 லட்சம் டன் என்கிறது ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு. இவ்வளவையும் குளக்கரையில் நின்று பார்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் வகுப்பறையை விட்டு வந்து பல வருடமானவர்கள். 1989இல் இந்தோனேசியாவில் நெல் விவசாயிகளுக்காகத் தொடங்கிய வயல்வெளிப் பள்ளியில், பாடம் வயலிலிருந்துதான் தொடங்கியது: கூட்டமாகப் போய்ப் பயிரைப் பார்ப்பது, பார்த்ததை வரைவது, பிறகு விவாதிப்பது. கைபேசி கையில் இருக்கும் காலத்தில் இதைக் குளத்துக்குக் கொண்டுவருவது பெரிய விஷயமில்லை. ஐந்து நிமிடக் குரல் பாடம், எந்தப் பாடத்தையும் எப்போதும் திறக்கும் வசதி, படம் எடுத்து அனுப்பினால் அன்றைக்கே பதில் சொல்ல ஒரு ஆள். அந்த ஆள்தான் செலவு என்பது எனக்கும் புரிகிறது. வீடியோவின் பளபளப்பைக் குறைத்து அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்கட்டும்.

இன்னொன்று. படிப்பில் சேர மின்னஞ்சல் முகவரி, கல்வித் தகுதி, மூன்று பக்க விண்ணப்பம் என்று கேட்டார்கள். அதனால் முதலாளியான நான் சேர்ந்தேன். அன்று மீன் திணறியதை முதலில் கண்ட தம்பி சேரவில்லை. பின்னால் ஏரேட்டர் பாடத்தை அவருக்கும் போட்டுக் காட்டினேன். கையைத் துடைத்துவிட்டுக் கைபேசியை வாங்கி, இரண்டு முறை பார்த்தார். "அண்ணே, இவங்க வச்சிருக்கிற இடத்துல ஓடவிட்டா அடிச்சேறு கிளம்பி நேரா தீவனம் போடுற பக்கம்தானே வரும்?" என்றார். நியாயமான கேள்வி. கேட்கலாமென்று போனால், கேள்வி எழுதும் பகுதியைப் படிப்பு முடிந்த இரண்டாவது வாரமே மூடிவிட்டிருந்தார்கள்.

இப்படிக்கு,
மீன் பண்ணை நடத்தும் வாசகர் ஒருவர்